அத்தான் பார்த்த அலைகள்

எங்க அத்தானுக்குக் கண் போச்சுன்னு முதல்ல கண்டுபிடிச்சது நான்தான். கண்டுபிடிச்சு என்ன கிழிச்சேன்? வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.

அக்காவைக் கட்டும்போது அவர் லாரிப் பட்டறையில வெல்டர். கறுப்புக் கண்ணாடி போடச் சொன்னா, "அதைப் போட்டா வேலை ஓடாது"ம்பார். அப்புறம் சொந்தமா பட்டறை போட்டு, முழங்கை நீளத்துக்குக் கத்தி செய்ய ஆரம்பிச்சார். கேட்டவர் கைக்கு அளவெடுத்துச் செய்யற கத்தி. ரெண்டு வகை இரும்பைத் தகடு தகடா அடுக்கி, கேஸ் உலையில பழுக்கக் காய்ச்சி, அடிச்சு ஒண்ணாக்கி, முறுக்கி, மறுபடி அடிப்பார். மெருகேத்தினதும் பார்த்தா வெறும் வெள்ளை இரும்புதான். ஆசிட்ல போட்டு எடுத்தாத்தான் ஒரு இரும்பு கறுத்து, இன்னொண்ணு மின்னி, அலை அலையா வரி தெரியும். பிடி மட்டும் என் வேலை. கருங்காலியைத் தேய்ச்சுத் தேய்ச்சே என் விரல் ரேகை அழிஞ்சு போச்சு, பேரு மட்டும் அவருக்கு. இருக்கட்டும்.

போன வருஷம் அவருக்குப் புதுசா ஒரு பழக்கம் வந்துச்சு. உலையிலிருந்து இரும்பை இழுத்து, "என்ன நிறம் சொல்லு மச்சான், பார்ப்போம்"னு கேட்பார். எனக்குப் பரீட்சை வைக்கிறாராம்! பத்தொன்பது வருஷமா பக்கத்துல நிக்கிறவனுக்கு! மஞ்சள்னு சொன்னா சுத்தியல் விழும். ஆரஞ்சுன்னா இரும்பு திரும்ப உள்ளே போகும். நாலே நாள்ல எனக்கு விளங்கிடுச்சு.

அக்கா மட்டும் லேசுப்பட்டவளா? டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டுப் போயிட்டா. கண்ணுக்கு நடுவுல வெந்து போச்சு, ஓரத்துலதான் பார்வை இருக்கு, ஆபரேஷனும் ஆகாதுன்னுட்டார். "அந்த ஆளு கிடக்கான், எனக்கு எல்லாம் தெரியுது"ன்னு அத்தான் சாதிச்சார். அக்கா ஒரே பேச்சுதான் பேசினா: "கத்தி கண்ணுக்குத் தெரியாத அன்னைக்குப் பட்டறையை மூடிடணும். கையை வெட்டிக்கிட்டு வந்து நிக்காதீங்க."

சரின்னு தலையாட்டினார். அந்தப் பட்டறையை விட்டா அந்த மனுஷனுக்கு வேற என்ன இருக்கு? வீட்டுல ஒரு மணி நேரம் சும்மா உட்காரத் தெரியாது அவருக்கு.

அன்னைக்கு மெருகேத்தின கத்தியை ஆசிட்ல போட்டு எடுத்து வைக்கச் சொல்லிட்டு அத்தான் சாப்பிடப் போனார். பிடிக்கு உப்புத்தாள் தேய்க்கிற மும்முரத்துல நான் மறந்தே போனேன். திரும்பி வரும்போது கூடவே அக்கா. அத்தான் கத்தியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சார்.

"கண்ணு போச்சு, கண்ணு போச்சுங்கறியே, இங்க வந்து பாரு. முனை வரைக்கும் அலை எப்படி ஓடுது! நடுவுல பாரு, சுழி. இந்த மாதிரி வந்ததே இல்லை."

அவர் கையில இருந்தது வெறும் வெள்ளை இரும்பு. அக்காவுக்கும் தெரியாதா என்ன? என்னைப் பார்த்தா. நான் குனிஞ்சுக்கிட்டேன்.

"ஆமாங்க, அழகா இருக்கு"ன்னா. குரல் உடைஞ்சு போச்சு.

அந்தக் குரலைக் கேட்டு அத்தான் அவ பக்கம் திரும்பினார். கட்டை விரலால கத்தியை மெதுவா, நுனியிலிருந்து அடி வரைக்கும் தடவினார். ஆசிட்ல போட்ட இரும்பு விரலுக்குச் சொரசொரன்னு படும். இது வழுக்குச்சு.

"மச்சான், இதை ஆசிட்ல போட்டியா?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரலை. "இல்ல அத்தான். மறந்துட்டேன்."

கத்தியை மேசையில வெச்சார். "உலைக்குப் போற கேஸை மூடிடு"ன்னார்.

மூடினேன். பாவி, அன்னைக்குப் பார்த்தா நான் மறந்து தொலைக்கணும்?