சாவு மேளமும் பல்கலைக்கழக பேண்டும்

செத்துப்போன இசையை உயிர்ப்பிக்கும் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: அது உயிரோடு இருந்ததே இங்கே யாருக்கும் தெரியாது. தொண்ணூறுகளின் கடைசியில், தில்லியில் எங்கள் பல்கலைக்கழகத்தில் அமெரிக்காவின் ஆதிகால ஜாஸ் இசையை வாசித்த குழுவில் நான் கிளாரினெட். தலைவர், சரித்திரப் பேராசிரியர் முகர்ஜி. எங்களைக் கல்யாண ஊர்வல பேண்ட் என்று யாராவது நினைத்துவிடக் கூடாது என்பதே அவருடைய ஓயாத கவலை. வாத்தியப் பெட்டியோடு தில்லி பஸ்ஸில் ஏறி, யார் வீட்டுக் கல்யாணம் என்று விசாரிக்கப்பட்டவர்களுக்கு அது புரியும்.

பாஞ்ஜோ

பாஞ்ஜோ வாசிப்பவர் தேவை என்று கரோல் பாக் வாத்தியக் கடையொன்றில் தாள் ஒட்டினோம். வந்தவர் தந்தி கட்டிய ஒரு மரப்பெட்டியை மடியில் வைத்து, அதன் கட்டைகளை டைப்ரைட்டர் போலத் தட்டினார். தில்லியில் பாஞ்ஜோ என்றால் அதுதான். முகர்ஜி அமெரிக்க பாஞ்ஜோவின் படத்தைக் காட்டினார். வந்தவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அனுதாபத்தோடு சொன்னார்:

"சாப், இது உடைஞ்ச டோலக்குல கிதார் கையை ஒட்டினது. யாரோ உங்களை ஏமாத்திட்டாங்க."

சுருதி

அப்பாவின் சிபாரிசில் ஆர்.கே.புரம் தமிழர் விழாவில் அரை மணி நேரம் கிடைத்தது. எங்கள் இசையில் எல்லோரும் ஒரே சமயத்தில் அவரவர் வழியில் போவார்கள். அதன் அழகே அதுதான். முதல் பாட்டு முடிந்தது. ஒரு கைதட்டல் இல்லை. விழாச் செயலாளர் மேடையோரம் வந்து என் காதில் சொன்னார்:

"சுருதி சேக்கறதெல்லாம் ஆத்துலயே முடிச்சுண்டு வந்திருக்கலாமேப்பா. போகட்டும், ஜல்தி ஆரம்பிங்கோ."

ஊர்வலம்

நியூ ஆர்லியன்ஸ் நகரத்துச் சாவு ஊர்வலம் முகர்ஜிக்கு மிகவும் பிடித்த விஷயம். இடுகாட்டுக்குப் போகும்போது மெதுவாக, திரும்பும்போது ஆட்டமாக வாசிப்பார்கள். இந்த இசை வளர்ந்தது தெருவில், சவத்தின் பின்னால் என்று ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னாலும் சொல்வார்.

ஒரு மத்தியானம் ஒத்திகை அறை வாசலில் செல்வி வந்து நின்றாள். வளாகத்தில் கட்டட வேலை செய்பவள், விழுப்புரம் பக்கம். அவள் மாமனார் அன்று காலை இறந்திருந்தார். மேளம் இல்லாமல் தன்னை எடுக்கக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தாராம். தில்லியில் மேளத்துக்கு எங்கே போவது? சாரத்தின் மேல் நின்று எங்கள் ஒத்திகையைக் கேட்டிருக்கிறாள். சாவுக்கு வாசிக்கிற மாதிரியே இருந்ததாம். எங்கள் இசையை ஒருவர் சரியாகப் புரிந்துகொண்டது அதுதான் முதல் தடவை.

முகர்ஜியிடம் சொன்னேன். நாம் பல்கலைக்கழகக் குழு, ஒருமுறை தெருவில் இறங்கினால் பேண்ட் பார்ட்டி ஆகிவிடுவோம் என்றார். டிரம்ஸ்காரன் போகலாமே என்றான். வாத்தியங்கள் பல்கலைக்கழகச் சொத்து. முகர்ஜி எழுந்து போய் அலமாரியைப் பூட்டினார். அதைத் தமிழில் சொல்லும் வேலை எனக்கு. வெளியே வாசிப்பதில்லை என்றேன். செல்வி கோபப்படவில்லை. அலமாரியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

"அப்ப யாரு செத்தா வாசிப்பீங்க, சார்?"

அந்தச் சனிக்கிழமை கலையரங்கில் சாவு ஊர்வல இசையைக் குறையில்லாமல் வாசித்தோம். பிணம் ஒன்றுதான் இல்லை.