பூதக் கூட்டத்துக்குள் ஒரு டவுன் பஸ்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். இல்லாவிட்டால் ஒரு சோப்புப் பெட்டியையும் அறுபது புளியங்கொட்டைகளையும் வைத்துக்கொண்டு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொண்டை கிழியச் சண்டை போட்டிருப்பேனா? சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. நாங்கள் மூன்று பேரும் திருச்சியில் ஒரே வகுப்பில் பி.எஸ்ஸி. முடித்தவர்கள். ஒருத்தி கான்வென்ட் ஸ்கூலில் டீச்சர் ஆகிவிட்டாள். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ்ஸேறி டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மூன்றாமவளை வீட்டில் வேலைக்கு அனுப்பவில்லை. பெரிய கடை வீதிக்குப் பின்னால் அவள் வீடு. துபாயிலிருந்த அவளுடைய அண்ணன், செஸ் மாதிரி ஏதோ என்று நினைத்து ஒரு பெட்டியை வாங்கி அனுப்பியிருந்தார். அதிலிருந்து நாங்கள் அவளைப் பெட்டிக்காரி என்றே கூப்பிட்டோம்.

பெட்டியைத் திறந்தால் பலகையும் இல்லை, காய்களும் இல்லை. ஓர் இங்கிலீஷ் புத்தகமும், நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று விதவிதமான பகடைகளும்தான் இருந்தன. ஒருத்தி கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். அவ்வளவுதான் விளையாட்டு. பித்துப் பிடித்துவிட்டது எங்களுக்கு.

டீச்சர்தான் கதை சொல்வாள், அவளுக்குத்தான் இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. நான் வாள் பிடித்த முரடி. பெட்டிக்காரி திருடி. வாசலைத் தாண்ட நாலு பேரிடம் கேட்க வேண்டியிருந்த அந்தப் பெண், விளையாட்டில் எந்தப் பூட்டையும் திறப்பாள், எந்த மதிலையும் தாண்டுவாள். டீச்சர் வீட்டில் இங்கிலீஷ் படிக்கப் போகிறாள் என்றுதான் அவளுடைய அத்தா நம்பிக்கொண்டிருந்தார். பாடம் எதுவரை போயிருக்கிறது என்று ஒருநாள் கேட்டிருக்கிறார். இவள் குகை வரைக்கும் என்று சொல்ல, மனுஷர் நல்லது என்று தலையாட்டியிருக்கிறார்.

அந்த ஞாயிறுதான் எங்களுக்குக் கடைசி. பெட்டிக்காரிக்கு நிக்காஹ் முடிந்து, இருபது நாள் கூட இருந்துவிட்டு மாப்பிள்ளை குவைத்துக்குத் திரும்பிவிட்டார். இப்போது இவளுக்கு விசா வந்துவிட்டது. வியாழக்கிழமை கிளம்ப வேண்டும். ஆனால் திருடியோ முந்தின வாரம் பூதங்களின் கோட்டையில் மாட்டிக்கொண்டிருந்தாள். "நான் போறதுக்குள்ள அவளை உசிரோட வெளியில கொண்டு வந்துடுங்கடி" என்று அவள் சொன்னபோது விளையாட்டுக்குச் சொல்வது போலவே இல்லை.

டீச்சர் சர்ச்சில் ஞாயிற்றுப் பூசை முடிந்து வந்து, சாப்பாடு முடிந்து, அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு பெரிய பேப்பரை விரித்துக் கட்டம் போட்டுக் கோட்டையை வரைந்தோம். அறுபது புளியங்கொட்டைகள் அறுபது குட்டைப் பூதங்கள். நடுவில் திருடிக்கு ஒரு சட்டைப் பொத்தான். முன்வாசலில் நான், மந்திரத்தால் ஓடும் இரும்பு வண்டியோடு. சோப்புப் பெட்டிதான் வண்டி. அதற்கு டவுன் பஸ் என்று பெயர் வைத்தேன். கூட்டத்துக்குள் பஸ்ஸை விடப் போகிறேன் என்றேன்.

டீச்சர் புத்தகத்தைப் புரட்டினாள். வாளால் வெட்டினால் என்ன, அம்பு விட்டால் என்ன, எல்லாம் இருந்தது. கூட்டத்தின் மேல் வண்டியை ஏற்றினால் என்ன ஆகும் என்று ஒரு வரி இல்லை. சரி, நாமே எழுதிக்கொள்வோம் என்று அவள் ஒரு பேப்பரை எடுத்தாள். வந்தது வினை.

ஒரு கட்டத்துக்குள் நிற்கும் பூதங்களுக்கு ஒரு பகடை, அதில் எத்தனை விழுகிறதோ அத்தனை பேர் காலி. இதில் சண்டை இல்லை. ஹாரன் அடித்தால் எல்லாரும் விலகிவிடுவார்கள் என்றாள் டீச்சர். எந்த ஊரில்? நம் ஊரில் ஹாரன் அடித்தால் பாதிப் பேர் விலகுவார்கள், மீதிப் பேர் நின்று திரும்பி முறைப்பார்கள். அதுவே விதியாயிற்று. கூட்டத்தில் மாடு இருந்தால் வண்டி ஒரு சுற்று நிற்க வேண்டும் என்றாள் பெட்டிக்காரி. பூதங்கள் மாடு வளர்க்குமா என்று கால் மணி நேரம் போனது. சிரித்துச் சிரித்து எனக்கு விலா பிடித்துக்கொண்டது.

அடுத்து டீச்சர், பத்துப் பூதங்களுக்கு ஒரு கட்டம் வேகம் குறையும் என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ஸ்ரீரங்கத்தில் பிறந்தவளிடமா இந்தக் கதை? சித்திரைத் தேர் கிளம்பிப் பார்த்திருக்கிறாளா? அவ்வளவு கனமான வண்டி ஒருமுறை நகர்ந்துவிட்டால் ஆள் கூட்டத்துக்காக நிற்காது, சக்கரத்தில் முட்டுக்கட்டை போட்டால்தான் நிற்கும், அதைப் போடுவதற்கென்றே கை தேர்ந்தவர்கள் கூட வருவார்கள் என்று மேசையைத் தட்டிச் சொன்னேன். பெருமாள் தேரையா பூதத்தின் மேல் விடுகிறாய் என்று டீச்சர் கேட்டாள். தேரை இல்லை, முறையைத்தான் எடுக்கிறேன் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கடைசியில் அவளே சலித்துப்போய் எழுதினாள்: வண்டிக்குப் பிரேக் கிடையாது, முட்டுக்கட்டை போட ஆள் இருந்தால்தான் நிற்கும்.

ஜெயித்துவிட்ட மமதையில் சோப்புப் பெட்டியைத் தள்ளினேன். ஹாரன். பகடை. ஆறு பூதம் காலி. மறுபடி பகடை, எட்டு. புளியங்கொட்டைகள் தரையெல்லாம் தெறித்து ஓடின. இங்கிலீஷ் பாடத்துக்கு ஏன் இவ்வளவு கூச்சல் என்று டீச்சரின் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். பொத்தானுக்கு இரண்டு கட்டம் இருக்கும்போது டீச்சர் என் முகத்தைப் பார்த்தாள்.

"முட்டுக்கட்டை போட யாரு?"

யாரும் இல்லை. விதியை எழுத வைத்த மகராசி நான், ஆளை வைக்க மறந்துவிட்டேன். பஸ் நேராகத் திருடியின் மேல் ஏறப் போகிறது. வாயால் கெட்ட தவளை என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

ஓடுகிற பஸ்ஸில் தொற்றி ஏறிவிடுகிறேன் என்றாள் பெட்டிக்காரி. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பையன்கள் அப்படி ஏறுவதைப் பார்த்ததோடு சரி, நாங்கள் யாரும் ஏறியதில்லை. டீச்சர் யோசித்து, பதினைந்துக்கு மேல் விழ வேண்டும் என்றாள். பெட்டிக்காரி இருபது முகப் பகடையை உள்ளங்கைக்குள் பொத்தி, பிஸ்மில்லாஹ் சொல்லி உருட்டினாள். பதினெட்டு.

மூன்று பேரும் நாற்காலியை விட்டு எழுந்து குதித்தோம். ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு சுற்றினோம். பஸ் பின்வாசலைத் தாண்டி, பேப்பரின் விளிம்பைத் தாண்டி, வெறும் மேசைக்கு வந்துவிட்டது. திருடி பிழைத்துவிட்டாள். டீச்சர் மூச்சு வாங்கியபடி உட்கார்ந்து விதிப் பேப்பரைப் பார்த்தாள். விதிப்படி வண்டி இன்னும் நிற்கவில்லை, வெளியே பாலைவனம்தான், எங்கே போகிறதென்று எனக்கே தெரியாது, நீ என்ன செய்யப் போகிறாய் என்று திருடியைக் கேட்டாள்.

பெட்டிக்காரி சிரித்ததில் வந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த பிறகும் வந்தது.

"அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாதுடி," என்றாள். "இருபது நாள்தான் அவரோட இருந்தேன். முகம்கூடச் சரியா ஞாபகம் இல்ல. பயமா இருக்கு."

விளையாட்டைப் பற்றி அவள் பேசவில்லை என்று எங்கள் இருவருக்கும் புரிந்தது. டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அதனால் கோபம் வந்தது. பேப்பரை வெடுக்கென்று பிடுங்கி, இரண்டு மணி நேரம் கத்தி வாங்கிய அந்த விதியைப் பென்சிலால் கிழியக் கிழிய அடித்தேன்.

"பஸ்ல பிரேக் இருக்கு. எங்க நிறுத்தணும், சொல்லு."

அவள் சோப்புப் பெட்டிக்குள் இருந்த பொத்தானைத் தொட்டுப் பார்த்தாள்.

"சத்திரத்துல நிறுத்து. அங்கேருந்து வீட்டுக்கு நடந்தே போயிடுவேன்."

நிறுத்தினேன். பொத்தானை எடுத்து அவளே இறக்கி வைத்தாள். வியாழக்கிழமை மெட்ராஸுக்கு ரயில் ஏறினாள்.