அக்கா ஒரு நாள் மட்டும் கேட்ட டீப்பாய்

செவ்வாய்க்கிழமை முதல் பீரியட் முடிந்து வகுப்பை விட்டு வெளியே வந்தபோது சேவியர் போனில் அழைத்தார். "சார், அக்கா போயிருச்சு. காலையில பூசைக்குப் போயிட்டு வந்து நாற்காலியில உக்காந்துச்சு. காபி போடவான்னு கேட்டேன், தலையை ஆட்டுச்சு. போட்டுட்டு வந்து பாத்தா இல்ல." போனை வைக்கும் முன்பு, "சார், அந்த டீப்பாயை மறந்துறாதீங்க. நாளைக்குக் காலையிலயே கொண்டாந்துருங்க" என்றார்.

உடன்பிறந்த அக்கா இறந்த செய்தியோடு ஒருவர் ஏன் டீப்பாயைக் கேட்க வேண்டும்? பள்ளியில் அக்காவோடு வேலை பார்த்த உங்களில் பலர் அடக்கத்தன்று என்னிடம் அதைத்தான் கேட்டீர்கள். ஆளுக்கு ஒரு வரி பதில் சொல்லித் தப்பித்தேன். முழுக் கதையையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

லூர்து மேரி அக்கா நம் பள்ளி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். நம்மில் யாருடைய விடுப்பு விண்ணப்பமும் அவருடைய பென்சில் குறிப்பு இல்லாமல் தலைமையாசிரியரிடம் போனதில்லை. எனக்கு ஒரு முறை, "தமிழாசிரியர். காய்ச்சல் என்கிறார். நம்பலாம். லூ.மே." என்று எழுதியிருந்தார். அந்தப் பென்சில் எந்நேரமும் கொண்டையில் செருகியிருக்கும். பலருக்குத் தெரியாதது, அந்தப் பென்சிலுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு ஒரு வேலை இருந்தது. பூசை முடிந்ததும் அக்கா பழைய டீப்பாய் பார்க்கப் போவார். தனக்காக இல்லை. புது வீடு கட்டியவர்கள், மகளுக்குக் குடித்தனம் வைத்துக் கொடுப்பவர்கள், சும்மா ஆசைப்பட்டவர்கள் என்று யார் கூப்பிட்டாலும் போவார். பார்த்துப் பிடித்துவிட்டால், டீப்பாயின் அடிப்பலகையில் பென்சிலால் இரண்டு வரி குறிப்பு எழுதி, லூ.மே. என்று சுருக்கொப்பம் போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார். ஊரில் எத்தனை வீட்டு டீப்பாய்களுக்கு அடியில் அவர் கையெழுத்து இருக்கிறதோ, இதைப் படிக்கிறவர்கள் தரையில் படுத்துப் பார்த்துக்கொள்ளவும்.

சின்னாளப்பட்டியில் எங்கள் வீட்டு முன்னறையில் என் மனைவி சாந்தி சேலை வியாபாரம் செய்கிறாள். எங்கள் சொந்தக்காரர்கள் நெய்கிற பருத்திச் சேலையும் சுங்குடியும் அங்கே அடுக்கியிருக்கும். வருகிறவர்கள் சோபாவில் உட்காருவார்கள், சாந்தி காபி கொடுப்பாள், சேலையை டீப்பாய் மேல் விரித்துக் காட்டுவாள். பழைய டீப்பாய் கால் ஆடி, ஒரு முகூர்த்தச் சேலையின் மேல் காபி கொட்டியதோடு அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டோம். நான் அக்காவிடம் போய் நின்றேன்.

பேகம்பூரில் காதர் பாயின் பழைய சாமான் கடைக்கு அழைத்துப் போனார். கையில் பிளாஸ்க், இரண்டு எவர்சில்வர் டம்ளர். எனக்கு முதலில் பிடித்தது செதுக்கு வேலை செய்த, கருகருவென்று மின்னிய ஒன்று. அக்கா பிளாஸ்க்கைத் திறந்தார். சூடான காபியை ஊற்றி அதன் மேல் வைத்துவிட்டு, பாயிடம் பிள்ளைகள் நலம் விசாரித்தார். ஐந்து நிமிடம் கழித்து டம்ளரைத் தூக்கி அடியைக் காட்டினார். கறுப்பாக ஒரு வளையம் ஒட்டியிருந்தது.

"ஏன் பாய், என் செருப்புக்கே நான் இம்புட்டு பாலிஷ் போட மாட்டேனே" என்றார்.

காதர் பாய்க்குக் கோபம் வரவில்லை. "டீச்சரம்மா, நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சிருந்தா அதை உள்ள வச்சிருப்பேன்" என்று சிரித்தார். அலுவலகத்தில் வேலை பார்த்த அக்காவைப் பாய் கடைசிவரை டீச்சரம்மா என்றுதான் கூப்பிட்டார்.

அன்று கடைக்குள் நடந்தபடியே அக்கா எனக்குச் சொன்னவை நினைவிருக்கின்றன. "மேல பாக்காத அப்பு. மேல எல்லாமே அழகாத்தான் இருக்கும். குனிஞ்சு அடியைப் பாரு." குனிந்து பார்த்தால், கையால் அறுத்த பலகையில் ரம்பத்தின் தடம் கோணல்மாணலாக இருக்கும், மெஷினில் அறுத்ததில் வரிசையாக இருக்கும். பூச்சி அரித்த ஓட்டையைத் தட்டினால் மாவு கொட்டக் கூடாது, கொட்டினால் பூச்சி இன்னும் குடியிருக்கிறது. பெரிய சாப்பாட்டு மேசையின் காலை வெட்டிக் குட்டையாக்கிப் பழைய டீப்பாய் என்று விற்பதும் உண்டு. அந்தக் காலின் அடி மட்டும் வெளுப்பாக இருக்கும். உயரம் சோபாவுக்கு இரண்டு விரல் குறைவாக இருக்க வேண்டும். "சோபாவுக்கும் அதுக்கும் நடுவுல, தட்டு நிறைய டம்ளரோட ஒரு ஆளு முட்டி இடிக்காமப் போகணும். அதுக்கு மேல தள்ளி வச்சா, காபியை எடுக்க எந்திரிச்சுப் போகணும். அதுக்கு அடுப்படிக்கே போயிரலாம்."

கடையின் பின்பக்கம், தகரக் கூரைக்குக் கீழே அது கிடந்தது. நீளமான, ஒடுக்கமான தேக்கு மேசை. குட்டையான தடித்த கால்கள். நான்கு மூலையிலும் இரும்பு வளையம். அக்கா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு அடியில் புகுந்தார். உள்ளிருந்தே பேசினார். "இங்கன ஒரு சிலுவை செதுக்கியிருக்கு. இது பங்குச் சாமியார் வீட்டுல இருந்ததுப்பா." வெளியே வந்து மேற்பலகையில் விரலை ஓட்டினார். இரண்டு நீளமான தேய்ந்த தடங்கள் இருந்தன. "பாத்தியா, காபித் தட்டை இழுத்து இழுத்துத் தேஞ்சது. எத்தனை சாமியார்க வந்து போயிருப்பாங்க! இந்த வளையம் எதுக்குன்னா, சாயந்தரம் ரெண்டு பேரு தூக்கிக் காத்தாட வெளிய போடுறதுக்கு." நீளம் எதற்கு என்று கேட்டேன். "மேற்றிராணியார், அதான் பிஷப்பு, வந்தா கூட நாலு பேரு வருவாங்கள்ல?" என்றார். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அடியில் எழுதினார்: "பார்வையிட்டேன். தேக்கு. பங்குச் சாமியார் வீட்டு டீப்பாய். லூ.மே."

சாந்திக்கு அது வந்த நாளிலிருந்து வியாபாரம் ஏறுமுகம். ஆறு கஜத்தில் இரண்டு கஜத்தை மடிக்காமல் விரிக்கலாம். பழைய தேக்கின் நிறத்தில் சுங்குடிப் புள்ளிகள் எடுத்துக் காட்டும். கல்யாணக் கூட்டம் மொத்தமாக வந்து அதைச் சுற்றி உட்காரும். காபி வளையம் விழுகிறதே என்று சாந்தி ஒரு முறை வருத்தப்பட்டபோது, "வட்டம் விழாத டீப்பாய் எதுக்கு? காட்சிக்கு வைக்கவா?" என்று அக்கா அவளைக் கடிந்துகொண்டார்.

இரண்டு ஆண்டு கழித்து, வடமதுரைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓய்வு பெற்ற உபதேசியார் ஒருவர் மகளுக்குச் சேலை எடுக்க வந்தார். அவர் ஊர் மாதா கோயிலில் நாற்பது ஆண்டு மணியடித்து, செபம் சொல்லிக் கொடுத்து, அடக்கத்துக்கு முன் நின்றவர். சாந்தி கொடுத்த காபியை அவர் கீழே வைக்கவே இல்லை.

"வைங்கய்யா, கை சுடப்போகுது."

"பரவால்லம்மா. கையிலயே இருக்கட்டும்."

பிறகு மெல்லக் குனிந்து இரும்பு வளையத்தைத் தொட்டுப் பார்த்தார். "இது எங்க கோயில் மேசையில்ல? பூசை நேரத்துல கோயில் நடுவால பெட்டி வைக்கிற மேசை. சக்கரம் வச்ச ஸ்டாண்டு வாங்குனதும் இதைப் பழைய சாமானுக்குப் போட்டுட்டாங்க" என்றார். எந்தப் பெட்டி என்று சாந்தி கேட்டாள். அவர் சங்கடத்தோடு, "செத்தவுகளை வைக்கிற பெட்டிதான்மா" என்றார்.

அப்போது சோபாவின் மறுகோடியில் ஒரு அம்மா மகளின் முகூர்த்தத்துக்குச் சேலை பார்த்துக்கொண்டிருந்தார். சேலை மேல் இருந்த கையை அவர் எடுத்த வேகத்தை நான் மறக்க மாட்டேன். வெயிலுக்கு முன்னால் கிளம்ப வேண்டும் என்று சொல்லி எழுந்து போய்விட்டார். அப்போது வெயில் உச்சியில் இருந்தது.

சாந்தி என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "கல்யாணச் சேலையை எது மேல விரிச்சிருக்கேன் பாருங்க. ஊர்ல ஒரு வாய் பேசுனாப் போதும். நாளையில இருந்து யாரு வருவா?" என்று மட்டும் கேட்டாள். அவள் பத்து ஆண்டு உழைத்துச் சேர்த்த பெயர் அது. நான் அக்காவுக்குப் போன் செய்தேன்.

அடுத்த டவுன் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். நேரே அடியில் புகுந்தார். சிலுவையைப் பார்த்தார், வளையத்தை அசைத்துப் பார்த்தார், வெளியே வந்து அந்த இரண்டு தடங்களின் மேல் கையை வைத்தார். பெட்டி இழுத்துத் தேய்ந்த தடங்கள். ஆள் நீளம் இருந்த மேசை. சிரிக்க ஆரம்பித்தவர் தரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை சிரித்தார். "மேசை ஒண்ணையும் மறைக்கல அப்பு. எல்லாத்தையும் காட்டுச்சு. எனக்குத்தான் காபி நெனப்பு. வாரத்துக்கு ஒரு அடக்கப் பூசைக்குப் போறவ நானு!"

சிரிப்பு அடங்கியதும் சாந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பு என்னுதுத்தா. நான் எடுத்துட்டுப் போறேன். யாரு கேட்டாலும் லூர்து மேரி தெரியாமக் கொடுத்துட்டான்னு சொல்லு." மறுபடி அடியில் போய், பழைய வரியை ஒரே கோட்டால் அடித்து, மேலே "சவப்பெட்டி மேசை" என்று எழுதி, திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார். அலுவலகத்தில் திருத்தம் அப்படித்தான் செய்வார், அழிரப்பரை அவர் தொட்டதே இல்லை. அன்றே டீப்பாய் திண்டுக்கல்லில் அவர் வீட்டுக்குப் போனது. அன்று சாயங்காலமே அக்கா அதில் காபி வைத்துக் குடித்ததாகக் கூட இருந்த சேவியர் பிறகு சொன்னார்.

நாங்கள் கண்ணாடி டீப்பாய் வாங்கினோம். அதில் சேலை நிற்காது, வழுக்கிக்கொண்டு தரைக்குப் போகும். விளிம்பு இடித்து என் கெண்டைக்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது. மூன்றாம் மாதம், கையை எடுத்துக்கொண்டு எழுந்து போன அந்த அம்மா திரும்பி வந்தார். நான்கு கடை ஏறி இறங்கியும் சேலை அமையவில்லையாம். கண்ணாடி மேல் சாந்தி விரித்ததை இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பார்த்தார்.

"அந்தப் பழசு எங்கம்மா? அதுல விரிச்சாத்தான் கரை நல்லாத் தெரிஞ்சது."

சாந்தி தயங்கி, "அது வந்து... அன்னைக்கு அந்தப் பெரியவர் சொன்னதுல..." என்றாள்.

"அதை விடு. எங்க ஊட்டுக் கட்டில்ல ரெண்டு தலைமுறை செத்திருக்கு, அதுலதான் படுக்கிறோம். நான்தான் அன்னைக்கு என்னமோ மாதிரி ஆயிட்டேன்."

மறுநாளே சாந்தி பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அக்கா காபி கொடுத்து, அவள் கேட்பதை முழுதாகக் கேட்டுவிட்டு, "தாரேன். ஆனா எனக்கு ஒரு நாளைக்கு மட்டும் அது வேணும். ஒரே ஒரு நாள். மறுநாள் நீ எடுத்துக்கலாம்" என்றார். எந்த நாள் என்று நாங்கள் கேட்கவில்லை. சாந்தி உடனே சரி என்றாள். எனக்கே அது ஆச்சரியமாக இருந்தது. நான் வெளியே லோடு ஆட்டோக்காரரிடம் பேசிவிட்டு உள்ளே வந்தபோது, அக்கா அடியிலிருந்து எழுந்து பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டிருந்தார். அதன் பிறகு ஐந்து ஆண்டு அது எங்கள் முன்னறையில் இருந்தது. குனிந்து பார், குனிந்து பார் என்று அவ்வளவு சொல்லியும் நாங்கள் ஒரு முறைகூடக் குனியவில்லை.

செவ்வாய்க்கிழமை பள்ளியில் அனுமதி கேட்டுக்கொண்டு நான் வீட்டுக்கு வந்தபோது, சாந்தி டீப்பாய் மேல் இருந்த சேலைகளை எடுத்து அடுக்கி முடித்திருந்தாள். "கேட்ட நாளு வந்துருச்சு" என்று சொல்லி அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை. புதன்கிழமை காலை, அக்கா வீட்டு முன்னறையில் அதன் மேல் நீலச் சுங்குடி ஒன்றை விரித்து, தடவிச் சரி செய்தாள். பெட்டியை இறக்கியபோது அது அந்த இரண்டு தடங்களின் மேல் பிசகாமல் உட்கார்ந்தது. செபம் சொல்ல வந்திருந்த அந்த வடமதுரை உபதேசியார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

வியாழக்கிழமை டீப்பாயைத் திருப்பி எடுத்தோம். வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறக்கிப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தபோது அடிப்பலகை என் முகத்துக்கு நேராக இருந்தது. கோடு அடித்த பழைய வரி, அதன் மேல் திருத்தம். அதற்குக் கீழே நான் பார்த்திராத மூன்றாவது குறிப்பு:

"என் உபயோகத்துக்கு ஒரு நாள் எடுக்கப்பட்டது. சாந்தியிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. நல்ல நிலையில் உள்ளது. உடனே காபி வைக்கலாம். லூ.மே."

பக்கத்தில் "தேதி" என்று எழுதி, இடம் விட்டிருந்தார்.

வாசலில் வைத்தே நானும் சாந்தியும் சிரித்தோம். ஆட்டோக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான் என்று நினைக்கிறேன்: எதையும் குனிந்து பார்ப்பது, தப்பாகப் பார்த்திருந்தால் ஒரே கோடு போட்டுப் பெயரை எழுதுவது. இரண்டிலும் நான் இன்னும் தேறவில்லை. சாந்தி மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து டீப்பாய் மேலும் என் மேலும் தெளித்துவிட்டு, "அது வெயில்ல காயட்டும், நீங்க போயிக் குளிங்க" என்றாள். குளித்துவிட்டு வந்து, தரையில் படுத்து அடியில் புகுந்து, அக்கா விட்டிருந்த இடத்தில் பென்சிலால் தேதியை எழுதினேன். வெளியே வந்தபோது மேலே, எங்கள் இரண்டு பேருக்கு, மூன்று டம்ளர் காபி இருந்தது.