அக்கா ஏசல்ல

தொண்ணூறுகளின் நடுவில் பாறசாலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தேன். அங்கே யாரும் ரத்தம் செலுத்துவதில்லை, 'கேற்றுவார்கள்', லாரியில் லோடு ஏற்றுவதுபோல. பிரசவமான பெண் கொஞ்சம் வெளுத்திருந்தால் போதும், ரத்தம் கொடுக்க வீட்டார் ஆள் திரட்டிவிடுவார்கள்.

பக்கத்தில் கொல்லயில் என்ற ஊரிலிருந்து வந்த ஒருத்திக்கு இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய்விட்டது. ஹீமோகுளோபின் எட்டு. பத்துக்குக் கீழே போனால் ஏற்றிவிடு என்பது எனக்குச் சொல்லித்தந்தவரின் கணக்கு. ஏற்றிய ரத்தத்தோடு மஞ்சள் காமாலையும் வாங்கிப் போன ஒருவரைப் பார்த்தபிறகு எனக்கு அந்தக் கணக்கு பிடிக்காமல் போயிற்று. தேவையில்லாமல் ஒரு துளிகூடக் கொடுப்பதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன்.

அவளுடைய தம்பி லாரி டிரைவர். ஜீப்பில் ஏழு பேரோடு வந்து இறங்கினான்.

"டாக்டரே, ஆளு ரெடியாக்கும். ரெண்டு குப்பி கேற்றுங்கோ."

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலில் கிடந்த அக்கா ஆரம்பித்தாள்.

"எலே, ஒனக்கு வேற சோலி இல்லியா? ஊரையே அள்ளிப் போட்டு வந்திருக்க, பசுவுக்குத் தண்ணி வச்சது ஆரு, மூத்தவள பள்ளிக்கூடத்துல விட்டது ஆரு, வந்தவங்களுக்கு ஒரு சாயா வாங்கிக் குடுத்தியா நீ?"

இடையில் மூச்சே வாங்கவில்லை. நாடியும் சீராக இருந்தது. "பொருத்தம் பார்த்து ரத்தத்தை எடுத்து வைக்கட்டும், இப்போது ஏற்ற வேண்டாம்" என்றேன்.

தம்பியின் முகம் தொங்கிப்போயிற்று. "அமரவிளை செக்போஸ்டுகூட லோட விட்டுரும், இந்த டாக்டரு விடாது" என்று வராந்தாவில் புலம்பியது காதில் விழுந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மறுநாள் காலை அவன் என் அறைக்கு ஓடிவந்தான்.

"டாக்டரே, நான் சாயா கொண்டுவர நேரமாச்சு. அக்கா ஏசல்ல."

எழுந்து ஓடினேன். உதிரப்போக்கு மறுபடி தொடங்கியிருந்தது. நாடி படபடவென்று ஓடியது. தம்பியைப் பார்த்து "எலே" என்றவளுக்கு அந்த ஒரு சொல்லுக்கே மூச்சு வாங்கியது. நேற்றே ஏற்றியிருக்கலாமோ என்று தோன்றியது. உதிரப்போக்கை நிறுத்த ஊசி போட்டு, எடுத்து வைத்திருந்த ரத்தத்தை ஏற்றினோம்.

முதல் குப்பி முடிந்தபோது நாடி அடங்கியிருந்தது. உதிரப்போக்கும் நின்றிருந்தது. "அடுத்ததையும் கேற்றிருவோமா டாக்டரே?" என்றான் தம்பி, கெஞ்சலாக. நான் கட்டிலைப் பார்த்தேன்.

"என்ன, எல்லாருமா எனக்க மூஞ்சியப் பாத்துட்டு நிக்கிய, பிள்ள பசிச்சுக் கரையது கேக்கல்லியா, எலே, டாக்டரு காலத்தேருந்து நின்ன நிலையில நிக்குது, ஒரு சாயா வாங்கிக் குடுத்தியா நீ?"

ஒரே மூச்சு. இரண்டாவது குப்பி வேண்டாம் என்று எழுதினேன். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டே சாயாக் கடைக்கு ஓடினான்.