ஒரு லிட்டர் தண்ணீரும் ஓர் எக்கோவும்

போன வாரம் புதுக்கோட்டைக்குப் போய் எக்கோ எடுத்தேன். இதயத்துக்கு எடுக்கிற ஸ்கேன்.

திருமயத்தில் இருமலுக்குக் காட்டப் போன இடத்தில், டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். "சத்தம் பலமா இருக்கும்மா. வால்வு லீக் மாதிரி தெரியுது. எவ்வளவுன்னு எக்கோ பாத்தாத்தான் சொல்ல முடியும்" என்றார்.

பலமாக என்றால்? ஆபரேஷன் அளவுக்கா? கேட்கவில்லை. ரேஷன் கடையில் சீனி குறைந்தாலே வாய் திறக்காதவள் நான்! ஒரு வாரம் பயந்துகொண்டே கிடந்தேன்.

ஸ்கேன் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான் — முன்பு வயிற்றுக்கு எடுத்தது. நிறையத் தண்ணீர் குடித்து அடக்கிக்கொள்ளச் சொன்னார்கள். எல்லா ஸ்கேனும் அப்படித்தானே? பஸ்ஸிலேயே ஒரு லிட்டர் பாட்டிலைக் காலி செய்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒன்றரை மணி நேரம் காத்திருப்பு. என் நிலைமையை யோசித்துப் பாருங்கள்...

"ஏன் அத்தை, மொகம் வேர்த்துப் போச்சு? பயமா இருக்கா?" என்று மருமகள் வசந்தி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதெல்லாம் இல்ல ஆத்தா."

உள்ளே கூப்பிட்டார்கள். நல்லவேளை, பெண் டாக்டர். இடப்பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொன்னார். நெஞ்சில் சில்லென்று ஜெல் பட்டதுதான் தாமதம்... அதற்கு மேல் முடியவில்லை.

"ஏம்மா இப்படி நெளியுறீங்க?"

சொல்லிவிட்டேன். டாக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நெஞ்சுக்கு எதுக்கும்மா தண்ணி? இத மொதல்லயே கேக்கக் கூடாதா? போயிட்டு வாங்க, அங்கிட்டுதான் பாத்ரூம்."

திரும்பி வந்து படுத்தபோது என்னவோ தைரியம் வந்திருந்தது. இதையே சொல்லியாயிற்று, இனி என்ன வெட்கம்? திரையில் சிவப்பும் நீலமுமாக ரத்தம் ஓடியது.

"லீக் எங்க டாக்டரம்மா?"

"இந்தா, வால்வு மூடும்போது பின்னாடி பீச்சுதே... அதான். அது எவ்வளவு அகலம், எவ்வளவு தூரம் போகுதுன்னு அளக்குறேன். இதயம் பெருசாயிருக்கான்னும் பாக்கணும்."

"சத்தம் பலமா இருக்குன்னாங்களே?"

"சத்தத்த மட்டும் வச்சு அளவு சொல்ல முடியாதும்மா. சின்ன லீக்கும் பெரிய சத்தம் போடும்."

அட, எங்கள் கண்மாய் மடையும் அப்படித்தானே! பலகை இடுக்கில் தண்ணீர் நூலாகப் பீச்சுகிறபோது தெருவரைக்கும் கேட்கும்.

"அப்ப ஆபரேஷன்...?"

"வேணாம்மா. கொஞ்சூண்டு லீக்தான். இதயம் நல்லா இருக்கு. அடுத்த வருஷம் ஒருக்கா வந்து பாத்துக்குங்க."

எழுந்து உட்கார்ந்தேன். ஒரு வாரமாக நெஞ்சில் இருந்த பாரத்தைக் காணோம்.

திரும்பும் பஸ்ஸில் வசந்தி காலி பாட்டிலை ஆட்டிக் காட்டினாள். "அடுத்த வருசம் எத்தன லிட்டர் அத்தை?"

"போடி!" என்றேன்.

டாக்டரிடம் பேசக் கூச்சப்படும் என் போன்றவர்களுக்கு ஒன்று சொல்கிறேன் — பாத்ரூம் எங்கே என்று முதலில் கேட்டுவிடுங்கள். மற்ற கேள்விகள் தானாக வரும்!