பெபீக்குக்குப் பெரிய கூண்டு

மிலாடா செக் நாட்டில் ஒஸ்ட்ராவா நகரத்தில் டிராம் ஓட்டுகிறவள். பாம்பு வளர்க்கும் ஆசையெல்லாம் அவளுக்கு என்றைக்கும் இருந்ததில்லை. பாம்புதான் அவள் வண்டியில் ஏறி வந்தது.

ஒரு குளிர்காலத்தில் கடைசி நிறுத்தத்தில் ஆட்கள் எல்லாம் இறங்கிய பிறகு, வழக்கம்போல இருக்கைகளைப் பார்த்துக்கொண்டே போனாள். பின்வரிசையில் ஒரு கம்பளித் தொப்பி கிடந்தது. எடுத்தால் கனத்தது. உள்ளே விரல் தடிமனில் ஒரு பாம்புக்குட்டி, குளிரில் விறைத்துப்போய்ச் சுருண்டிருந்தது. தொலைந்த பொருள் வாங்கும் அலுவலகத்துக்குக் கொண்டு போனாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் தொப்பிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"குடை வாங்குவோம், பல்செட்டு வாங்குவோம், ஒரு தடவ பேண்டு வாத்தியம்கூட வாங்கி வச்சோம். உசுரோட எதையும் வாங்கறதில்லம்மா."

மிலாடா தொப்பியைச் சீருடைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். தேடி யாரும் வரவில்லை. பெபீக் என்று பெயர் வைத்தாள். அந்த ஊரில் அது ஆண்பிள்ளைப் பெயர். பாம்பில் ஆண் எது பெண் எது என்று அவளுக்குத் தெரியாது. கேட்டுப் பார்க்கவும் தோன்றவில்லை.

ஐந்தாவது மாடியில் தனியாக இருந்தாள். புருஷன் விரதிஸ்லாவ் வெகு காலத்துக்கு முன்பே போய்விட்டான். குழந்தை இல்லை என்பதை ஒரு காரணமாகச் சொல்லிக்கொண்டு போனான். போன இடத்தில் அவனுக்கு இரண்டு பிள்ளைகள். மிலாடா அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. வேலை முடிந்து வந்து, உறைபெட்டியில் பிளம் பழம் வைத்து அவிக்கும் மாவு உருண்டைகளுக்குப் பக்கத்தில் தனி டப்பாவில் இருக்கும் எலி ஒன்றை எடுத்து வெந்நீரில் போட்டு இளக வைத்து, இடுக்கியில் பிடித்து நீட்டுவாள். பெபீக் சாப்பிடுவான். பிறகு அவளும் சாப்பிடுவாள். இப்படியே வருஷங்கள் ஓடின. விரல் தடிமன் மணிக்கட்டு ஆயிற்று, மணிக்கட்டு முழங்கை ஆயிற்று.

ராதிம் என்றொரு தச்சன் இருந்தான். பாம்பு, ஓணான் வளர்ப்பவர்களுக்குக் கூண்டு செய்து கொடுப்பது அவன் பிழைப்பு. பெபீக்கை முதலில் பார்த்து இனம் சொன்னவன் அவன்தான்.

"போவா. விஷம் கிடையாது. ஆனா வளரும்."

"எவ்வளவு வளரும்?"

"உங்க சோபாவ மனசுல நெனச்சுக்கங்க."

அப்போது சிரித்தாள். வருஷங்கள் கழித்து ஒரு வசந்தத்தில் சிரிப்பு வரவில்லை. பெபீக் சாப்பாட்டை நிறுத்திவிட்டான். எலியை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பகலெல்லாம் சூட்டு விளக்கடியிலேயே கிடந்தான். அவன் இருந்தது ஒரு பழைய மீன்தொட்டி; அதற்குள் அவன் உடம்பு பிதுங்கிக்கொண்டு கிடந்தது. மிலாடாவுக்கு ஒன்று புரிந்தது. மனுஷனுக்கே இடம் நெருக்கினால் சோறு இறங்காது, பாம்புக்கு எப்படி இறங்கும்? பெரிய கூண்டு பார்க்க வேண்டியதுதான்.

கீழ்வீட்டு ஓட்டகர் உடனே ஒரு யோசனை சொன்னார். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுஷர். மிலாடா உருண்டை அவித்தால் மேலே ஏறி வருவார். ஆனால் சமையலறை தாண்டிப் பாம்பு இருக்கும் அறைக்குள் ஒரு காலும் வைக்கமாட்டார்.

"எங்க அக்கா பையன் பேக்கரிய மூடிட்டான். கேக்கு வைக்கிற கண்ணாடிப் பெட்டி சும்மா கெடக்கு. உள்ளயே வெளக்கும் இருக்கு. கேக்கு இருந்த எடத்துல அவன் இருக்கட்டுமே."

போய்ப் பார்த்தாள். முன்பக்கம் வளைந்த கண்ணாடி, ஓரமெல்லாம் பித்தளை. ஆசையாக இருந்தது. ராதிமிடம் படம் காட்டினாள். அவளை அவன் பானி என்றுதான் கூப்பிடுவான், அந்த ஊரில் 'அம்மா' என்பது போல.

"பானி மிலாடா, இது குளுகுளுன்னு வைக்கிற பெட்டி. அவன் சூட்டுல வாழறவன். பின்னாடி கதவுக்குப் பூட்டும் இல்ல. கேக்கு எழுந்து வெளிய வராது, அதனால வைக்கல."

"சரி, கடையில பெரிய மீன்தொட்டி விக்குதே?"

"மேல வலை மூடிதானே? இதுங்க தலையால முட்டிக்கிட்டே இருக்கும். ஒருநாள் மூடி நவுரும். மரத்துல செய்யலாம். முன்னாடி ரெண்டு கண்ணாடி, ஒன்ன ஒன்னு தாண்டித் தள்ளுற மாதிரி. பக்கவாட்டுல காத்துத் துவாரம். வெளக்குக்குக் கம்பிக் கூடு, இல்லேன்னா சுட்டுக்கும். அவன் உடம்ப முழுசா நீட்டிப் படுக்கணும், அந்த அளவு வேணும். எங்க வைப்பீங்க?"

அறையில் அந்த அளவுக்கு ஒரே ஒரு சுவர்தான் இருந்தது. அதில் கல்யாணத்துக்கு வந்த கண்ணாடிச் சாமான்கள் அடுக்கிய அலமாரி நின்றது. மிலாடா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கிண்ணங்களைச் செய்தித்தாளில் சுற்றினாள். ராதிம் ஆள் கூட்டி வந்து அலமாரியைக் கழற்றிக் கீழே இறக்கினான். ஓட்டகர் படிக்கட்டில் நின்று பார்த்தார். "பாம்புக்காகவா?" என்று மட்டும் கேட்டார்.

கூண்டு லிஃப்டில் ஏறவில்லை. ராதிமும் அவன் கூட்டாளியும் படியில் தூக்கி வந்தார்கள். வைத்து, கம்பி இழுத்து, விளக்குப் போட்டுச் சூடு வந்ததும், ராதிம் பெபீக்கை இரு கையாலும் தூக்கினான். தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டான்.

"எப்பலேருந்து சாப்பிடல?"

"பனி உருக ஆரம்பிச்சதுலேருந்து."

"சாப்பிடாதவன் இப்படியா கனப்பான்?" பின்பாதி உடம்பை மெல்லத் தடவினான். "உள்ள என்னவோ இருக்கு. கட்டி மாதிரி. டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

மிலாடா தன்னையே நொந்துகொண்டாள். இடம் பத்தவில்லை என்று கூண்டு பார்த்துக்கொண்டு திரிந்திருக்கிறாள், அவனுக்கோ வியாதி. வியாழக்கிழமைக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கினாள்.

புதன்கிழமை காலை ஷிஃப்டு முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் கூண்டைப் பார்க்கப் போனவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பெபீக் ஒரு மூலையில் தளர்ந்து கிடந்தான். அவன் பக்கத்தில் ரத்தமும் மஞ்சளுமாகக் குழகுழவென்று ஒரு குவியல், சவ்வு மூடிக்கொண்டு. குடல் வெளியே வந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். ராதிமைப் போனில் கூப்பிட்டாள்.

"குடல் சரிஞ்சு போச்சு ராதிம். எல்லாம் வெளிய கெடக்கு. செத்துருவான்."

"மூச்சு விடறானா?"

"விடறான். குடல் அசையுது."



"குடல் எப்படி அசையும்? கிட்டப் போய்ப் பாருங்க. அதுக்குக் கண்ணு இருக்கா?"

மிலாடா கண்ணாடியில் நெற்றி படக் குனிந்தாள். ஒரு சவ்வு கிழிந்தது. உள்ளேயிருந்து கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு தலை வெளியே வந்து நாக்கை நீட்டியது. அதற்குக் கண் இருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னும். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். போன் கையில் இருந்தது, ராதிம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை.

"பெபீக் குட்டி போட்டிருக்கான்" என்றாள் கடைசியில்.

"வேற பாம்போட விட்டீங்களா?"

"வேற பாம்பு ஏது? தொப்பிக்குள்ள வந்ததுலேருந்து என்கூடத்தானே இருக்கான்."

"அப்படியெல்லாம் நடக்காதே" என்றான் ராதிம். "நான் கெளம்பி வரேன். எதையும் தொடாதீங்க."

நடக்காதது கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. மிலாடா எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. சவ்விலிருந்து வெளியே வந்தவை சும்மா கிடக்கவில்லை. ஒன்று முன்கண்ணாடி ஓரமாக ஊர்ந்து வந்தது. இரண்டு கண்ணாடிகளும் ஒன்றன்மேல் ஒன்று தள்ளிக்கொள்ளும் இடத்தில் சுண்டுவிரல் நுழையும் சந்து இருந்தது. பெபீக் தடிமனுக்கு அது சந்தே இல்லை. குட்டியின் தலை அதற்குள் போயிற்று, உடம்பும் பின்னாலேயே போயிற்று. மிலாடா திரும்பிப் பார்த்தபோது சூடேற்றும் குழாய்க்குப் பின்னால் ஒரு வால் மறைந்தது. அது அந்தக் குட்டியின் வால் இல்லை. அதற்கு முன்பே வெளியே போனது வேறொன்று.

பாய்ந்து போய்ச் சந்தில் துணியைத் திணித்தாள். எத்தனை பிறந்தன என்று அவள் எண்ணவில்லை. அதனால் எத்தனை வெளியே போயின என்று யாருக்கும் தெரியாது.

வாசல் மணி அடித்தது. ராதிம் என்று நினைத்துத் திறந்தாள். ஓட்டகர் நின்றார். இரண்டு கையாலும் மூடி போட்ட சூப்புப் பானையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"பானி மிலாடா, என் குளியலறைக் குழாய் ஓரமா ஒன்னு எறங்கிச்சு. மொதல்ல ஷூ கயிறுன்னு நெனச்சேன். குனிஞ்சு எடுக்கப் போனேன்." நிறுத்தி மூச்சு வாங்கினார். "இருபத்தஞ்சு வருஷம் மண்ணுக்கடியில இருந்தவன் நான். இந்த மாதிரி என் காலு நடுங்கினதில்ல."

"மன்னிச்சுக்கங்க. உள்ள வாங்க."

"உள்ள இன்னும் இருக்கா?"

"இருக்கு."

அவர் உள்ளே வரவில்லை. பானையை வாசலில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தார். மிலாடா ஒரு கோப்பையில் பிளம் சாராயம் கொண்டுவந்து கொடுத்து, நடந்ததைச் சொன்னாள். கொஞ்சம் உள்ளே போன பிறகுதான் அவருக்கு நாக்கு வந்தது.

"ஆம்பள வாடையே படாம புள்ள பெத்துருக்கு. இந்த வீட்டுக்கு ஆம்பளையே வேண்டாம் போல."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. கோப்பையைக் கீழே வைத்தார்.  யாரும் மிலாடாவின் முகத்துக்கு நேரே தொடாத விஷயம் அது. கோபம் வரும் என்று அவளே காத்திருந்தாள். வந்தது சிரிப்பு. அவ்வளவு சிரிப்பு உள்ளே இருந்தது அவளுக்கே திகைப்பாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, வேண்டாம்தான்" என்றாள்.

ராதிம் வந்து, கண்ணாடிச் சந்தில் ரப்பர் பட்டை ஒட்டினான். பிறகு இருவருமாக வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார்கள். செய்தித்தாளில் சுற்றிய கிண்ணம் ஒன்றுக்குள் ஒரு குட்டி, துவைக்கிற மிஷினுக்கு அடியில் ஒன்று, அவள் ஷூவுக்குள் ஒன்று. எடுக்கப் போனால் அந்த விரலளவு ஜீவன் வாயைத் திறந்து கடிக்க வந்தது. ராதிம் தன் பெரிய கூண்டைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான். "சோபா அளவு செஞ்சு கொடுத்தேன். கடைசியில சோப்பு டப்பா அளவுதான் தேவைப்படுது" என்றான். அன்று சாயங்காலமே காற்றுத் துவாரம் போட்ட சின்ன டப்பாக்களை வாங்கிவந்து ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார்கள்.

மறுநாள் மருத்துவர் கட்டிக்காக ஒதுக்கியிருந்த நேரத்தில் தாயையும் குட்டிகளையும் பார்த்தார். போவா இனத்தில் ஆண் துணை இல்லாமலே குட்டி போடுவது அபூர்வமாக நடப்பதுண்டு என்றார். ஒவ்வொன்றாகச் சோதித்தார். எல்லாம் பெண். "இவனும்தான்" என்று பெபீக்கைக் காட்டினார். மிலாடாவுக்கு இதற்குமேல் அதிர்ச்சியடைய இடமில்லை. அன்றிலிருந்து அவன் பெபீனா ஆனாள். எலியும் சாப்பிட ஆரம்பித்தாள். உடம்பை முழுக்க நீட்டிப் படுத்தாள்.

இலையுதிர் காலத்தில் குட்டிகளுக்கு ஆள் தேடினாள். கேட்டு வந்தவர்களிடம் பேரும் ஊரும் விசாரிக்கவில்லை. "கூண்டு எப்படி?" என்றுதான் ஆரம்பித்தாள். மீன்தொட்டிமேல் பலகை போட்டு, பலகைமேல் செங்கல் வைத்திருப்பதாகச் சொன்ன ஒருவரை அப்படியே திருப்பி அனுப்பினாள். பக்கத்து நகரமான ஓபாவாவிலிருந்து வந்த ஒரு பெண், போனில் படம் காட்டினாள். மிலாடா கண்ணாடி போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இது இப்ப சரி. ரெண்டு வருஷம் கழிச்சு எங்க வைப்பீங்க?"

"பெட்ரூம்ல ஒரு சுவர் காலியா இருக்கு."

"அது பத்தாது" என்றாள் மிலாடா. "குட்டிங்களுக்கு இன்னொரு சுவரும் பாத்து வச்சுக்கங்க." பிறகு டப்பாவை அவள் கையில் கொடுத்தாள்.