தண்ணீரில் மிஞ்சியவர்

அந்தச் சிவப்புப் புள்ளியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.

தேனியில் ஒரு பிளக்ஸ் அச்சடிக்கும் கடையின் மாடியில் எங்கள் புகைப்படக் கிளப் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கூடும். கீழே மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். அரசியல் பிறந்தநாட்களும் பூப்புனித நீராட்டு விழாக்களும் ஈரம் காயாமல் படிக்கட்டு ஓரம் சாய்ந்து நிற்கும். அந்த முகங்களையெல்லாம் தாண்டி மேலே போனால் ஒரு வெள்ளைச் சுவர், கொஞ்சம் பிளாஸ்டிக் நாற்காலிகள், உளுந்தவடை, டீ. செயலாளர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் டூவீலர் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். நல்ல கேமரா, நல்ல லென்ஸ், நல்ல குரல். கையில் ஒரு லேசர் குச்சி. நாங்கள் எடுத்த படங்கள் ஒவ்வொன்றாகச் சுவரில் விழ, அவர் குச்சியை அமுக்குவார். சிவப்புப் புள்ளி படத்துக்குள் ஓடும்.

"இந்த வயரு. இந்த டவரு. இந்தா, பிளாஸ்டிக் கொடம். இந்த ஆளு. இம்புட்டையும் சுத்தம் பண்ணிட்டா படம் நிக்கும்."

சுத்தம் என்பதுதான் எங்கள் கிளப்பின் மந்திரம். படத்தைப் பென் டிரைவில் கொடுத்தால் செயலாளரே கம்ப்யூட்டரில் சுத்தம் செய்து திருப்பித் தருவார். மின்கம்பம் போகும், உரச்சாக்கு போகும், டி.வி.எஸ். வண்டியில் புல்லுக்கட்டோடு போகிறவர் வண்டியோடும் புல்லோடும் போவார். களை எடுக்கிற பெண்ணின் கன்னத்தில் அந்தப் புள்ளி வந்து நிற்கும்போது, யாரோ எங்கிருந்தோ அவளைக் குறி பார்ப்பது போல இருக்கும். அடுத்த மாதம் அதே படம் சுவரில் விழும். மலை இருக்கும், மூட்டம் இருக்கும், பச்சை இருக்கும். களை எடுத்த கை இருக்காது. எல்லாரும் கை தட்டுவோம் என்று எழுத வந்து நிறுத்துகிறேன், நான் தட்டியதில்லை.

நான் போடியில் ஒரு ஏலக்காய் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவள். ஆறு நாள் முழுக்க ஏலக்காய் மணமும் எண்களும். ஏழாம் நாள் என் கால் வீட்டில் தரிக்காது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கூடலூர் வரைக்கும் போவேன், ஆண்டிபட்டிக் காட்டுக்குப் போவேன், வெயிலோடு போய் வெயிலோடு திரும்புவேன். கிளப்பில் நான் ஒருத்திதான் பெண். என் படங்களில் வயர் இருக்கும். கம்பி, போர்வெல் பைப்பு, தோரணம் கிழிந்த பந்தல்கால், எல்லாம் இருக்கும். என் முறை வரும்போதே பின்வரிசையில் இருந்து பல் டாக்டர் ஆரம்பித்துவிடுவார்.

"மேடம் கரண்ட் ஆபீசுக்குப் படம் எடுக்குறாக போல."

"ஊருக்குள்ள கரண்டு இருந்தா வயரு இருக்கத்தேன் செய்யும் டாக்டர். நீங்க பல்லைப் புடுங்கிட்டுச் சிரிக்கச் சொல்ற ஆளு."

சிரிப்பார்கள். அவ்வளவுதான் நடக்கும். அடுத்த படத்துக்குப் புள்ளி போய்விடும்.

பெரியாற்றுத் தண்ணீர் முதல்போகத்துக்குத் திறந்திருந்த நாட்களில் ஒரு விடியற்காலை நாங்கள் ராயப்பன்பட்டிப் பக்கம் வயல்களுக்குப் போனோம். அந்த நாட்களில் பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும். நாற்று இன்னும் நடவில்லை, தண்ணீர் மட்டும் கட்டியிருக்கும். வயல் வயலாக வானம் கீழே வந்து படுத்திருக்கும். கிழக்கு மலை ஒன்று மேலே, ஒன்று கீழே. தென்னை ஒன்று மேலே, ஒன்று கீழே. கொக்கு இறங்கும்போது இன்னொரு கொக்கு ஏறி வந்து அதன் காலைப் பிடிக்கும். இப்படி ஒரு காலையைப் பார்க்க எதற்கு கேமரா என்றுகூட இருக்கும்.

எங்கள் கிளப்பில் எல்லாரும் ஒரே இடத்தில்தான் கேமரா முக்காலியை ஊன்றுவார்கள். செயலாளர் நிற்கிற இடம்தான் இடம். அன்றைக்கு அந்த இடம் புதிதாகச் சேறு பூசிய ஒரு வரப்பு. சேறு இன்னும் பளபளவென்று ஈரமாக இருந்தது, பூசிய விரல்களின் தடம்கூடத் தெரிந்தது. அதன் மேல் வரிசையாக ஏறி நின்றார்கள். வரப்பு உட்கார்ந்தது. எதிர் வரப்பில் மடைவாயில் ஒருவர் தண்ணீரைத் திருப்பிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மிதிபட்ட தன் வரப்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நான் எதிர்பார்த்தேன், திட்ட வேண்டும் என்றும் ஆசைப்பட்டேன். அவர் சிரித்தார்.

"போட்டோவா எடுக்குறீக? எங்க வயலையா?"

"ஆமாண்ணே. நீங்க செத்த ஒதுங்குனீகன்னா நல்லாருக்கும்" என்றார் செயலாளர்.

அவருக்கு அது காதில் விழவில்லையோ, விழுந்தும் பொருட்படுத்தவில்லையோ. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறித் தலையில் கட்டினார். மம்பட்டியைத் தோளில் வைத்தார். காலைச் சேர்த்து நிமிர்ந்து நின்றார். அப்படி நிற்க யாரும் சொல்லவில்லை. தன் வயலில் தான் எப்படி நிற்க வேண்டும் என்று அவருக்கு ஒரு எண்ணம் இருந்திருக்கிறது.

வெளிச்சம் மலை விளிம்பைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஒதுங்கச் சொல்லி இன்னொரு தரம் கத்த நேரமில்லை. "விடுங்கப்பா, பெறகு கம்ப்யூட்டர்ல தூக்கிரலாம்" என்று சொல்லிவிட்டுச் செயலாளர் படபடவென்று எடுத்தார். மற்றவர்கள் மடைவாயில் நின்றவர் போகட்டும் என்று காத்திருந்தார்கள்.

எதிர் வரப்பில் இருந்து வயல்காரர் சத்தமாகச் சொன்னார்: "எதை வேணும்னாலும் தூக்குங்க சாமி, என்னைய விட்றாதீக! வீட்ல சொன்னா நம்ப மாட்டாக!"

வரப்பில் எல்லாரும் சிரித்தார்கள். பல் டாக்டர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

அடுத்த கூட்டத்தில் செயலாளர் எடுத்த படம் சுவரில் விழுந்தபோது அதில் வயல்காரர் இல்லை. மடைவாயில் வெறும் வரப்பு ஓடியது. பின்னால் மலை, தென்னை வரிசை, பொன் மாதிரி வெளிச்சம். பிரமாதம், பிரமாதம் என்றார்கள். நான் எழுந்து, "அங்கன ஒரு மனுசன் நின்னாரே சார்" என்றேன்.

"நின்னாரு. அவருக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"அவரு வயலு சார் அது."

"மேடம், பத்திரம் பாக்க வரல. படம் பாக்க வந்துருக்கோம்."

அதற்கும் சிரிப்பு. அந்தச் சிரிப்பில்தான் எனக்கு முதன்முதலாக அந்த மாடியை விட்டு இறங்கிப் போய்விடலாம் என்று தோன்றியது. போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

ஐப்பசியில் உத்தமபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்துக் கண்காட்சியும் போட்டியும் வைத்தோம். வாசலில் பெரிய பிளக்ஸ்: 'நம்ம பள்ளத்தாக்கு, நம்ம சனம்.' உள்ளே சுவர் முழுக்க மலை, அருவி, திராட்சைக் கொடி, மூட்டம். சனம் எங்கே என்று தேடினால் பார்க்க வந்தவர்கள்தான் சனம். எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்று போட்டி விதியில் இருந்தது. சுத்தம் செய்வது நீக்குவதில் சேராது என்பது எங்கள் கிளப்பில் எல்லாருக்கும் உறுதியான நம்பிக்கை. நடுவர் மதுரையில் இருந்து வந்தவர். அந்த வயல் படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார். தண்ணீருக்குள் கருப்பாக ஏதோ இருக்கிறதே, கண்ணை இழுக்கிறதே என்றார். தென்னையின் நிழல் என்றார் செயலாளர். அதற்குத்தான் முதல் பரிசு.

மறுநாள் மத்தியானம் ஒரு அம்மா வந்தார். நெற்றியில் திருநீறு மட்டும். கையில் துணிக்கடைப் பை. படங்களைப் பார்க்கிறவர்கள் நடக்கிற நடை இல்லை அவருடையது. ஆஸ்பத்திரி வார்டில் கட்டில் கட்டிலாக ஆளைத் தேடிக்கொண்டு போகிற நடை. ஒவ்வொரு படமாகக் கிட்டே போனார், தள்ளினார், அடுத்ததற்குப் போனார். நான் பக்கத்தில் போய் என்னம்மா வேணும் என்றேன்.

"எங்க வீட்டுக்காரவுகளை இங்கன இருந்து வந்தவுக போட்டோ எடுத்தாகளாம் தாயி. நடவுக்கு முன்னாடி. வீட்டுக்கு வந்து ஒரே பீத்தலு. நான் துண்டைக் கட்டுனேன், மம்பட்டியத் தோளுல வச்சேன், பெரிய பெரிய கேமரான்னு. நானு, ஆமா, ஒங்க மொகரையத்தேன் எடுப்பாக, போங்கன்னு சொல்லிட்டேன்."

"அவுக வரலையாம்மா?"

"ஆவணியில போய்ச் சேந்துட்டாக. வயக்காட்டுல இருந்து வந்து, நெஞ்சு என்னமோ பண்ணுதுன்னு உக்காந்தாக. அம்புட்டுதேன்." பையை இந்தக் கையில் இருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "வீட்ல ஆதார் கார்டுல உள்ளதைப் பெருசாக்கி மாட்டிருக்கோம். அதுல அவுக களவாணி மாதிரி முழிக்கிறாக. எனக்கு அதைப் பாத்து வெளக்கேத்த முடியல. வயல்ல நிக்கிறது இருந்தா ஒண்ணு குடுங்கத்தா."

பரிசு வாங்கிய படத்தின் பக்கம் என் கண் போனதும் அவரும் அதைப் பார்த்துவிட்டார். போய் முன்னால் நின்றார்.

"எங்க வயலு. எங்க மடை." விரலால் வரப்பைத் தடவினார். "இங்கனதேன் நிப்பாக. எங்க ஆளு?"

செயலாளர் வந்தார். நடுவர் இன்னும் மண்டபத்தில்தான் இருந்தார், சாப்பாட்டுப் பந்தியில். செயலாளரின் குரல் அதனால் மெதுவாக வந்தது. "அம்மா, இதுல ஆளே கெடையாது. வேற யாராச்சும் எடுத்திருப்பாக."

"அப்ப தண்ணிக்குள்ள நிக்கிறது யாரு?"

நான் அப்போதுதான் பார்த்தேன். மாதக்கணக்காகப் பார்த்த படத்தை அப்போதுதான் பார்த்தேன். வரப்பில் நின்ற ஆளைத் தூக்கியவர் தண்ணீரில் நின்ற ஆளைத் தூக்க மறந்துவிட்டார். அலையில் லேசாக நெளிந்து, கருத்து, தலைகீழாக ஒரு உருவம்.

"அது தென்னமரத்து நெழலும்மா" என்றார் செயலாளர்.

சொன்ன முகத்தில் ஒரு நடுக்கமாவது இருந்ததா என்று பார்த்தேன். இல்லை. ஒரு மனிதரை வயலில் இருந்து எடுத்தாயிற்று, செத்தும் போனார், கட்டியவள் வந்து கேட்கிறாள், அவளிடம் அவரை மரம் என்கிறார். பரிசு போய்விடுமாம். கிளப்புக்கு வெட்கமாம்.

"மடையில ஏது தென்ன?" என்றார் அந்த அம்மா. கோபமாகக்கூட இல்லை. படத்தின் இரண்டு பக்கத்தையும் பிடித்துச் சுவரில் இருந்து கழற்றினார். தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார்.

மலை கீழே போயிற்று. தண்ணீர் மேலே வந்தது. அதற்குள் தலைத்துண்டோடு, தோளில் மம்பட்டியோடு, காலைச் சேர்த்துக்கொண்டு ஒருவர் நிமிர்ந்து நின்றார்.

பக்கத்தில் நின்றவர்கள் கிட்டே வந்தார்கள். "ஆமப்பா, ஆளுதேன்!" என்றது ஒரு குரல். "மம்பட்டி தெரியுது பாரு."

செயலாளர் சட்டத்தைப் பிடித்தார். அந்த அம்மா விடவில்லை. நான் நடுவில் போய்ச் செயலாளரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். எழுதும்போது வேடிக்கையாக இருக்கிறது, அப்போது இல்லை.

"மேடம், அது கிளப் சொத்து!"

"நீங்க மிதிச்ச வரப்பு யாரு சொத்து சார்?"

படத்தை என் துப்பட்டாவில் சுற்றி, அந்த அம்மாவை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். திரும்பி வந்தபோது நடுவர் கிளம்பிப் போயிருந்தார். யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. பரிசு பரிசாகவே இருந்தது.

அசல் படம் இருந்தால் கொடுங்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். கூடவே, மறைக்காமல், நடந்ததை எழுதினேன். மற்றவர்கள் எடுத்த படங்களில் அவர் இல்லை. அவர் போகக் காத்திருந்தவர்கள் ஆயிற்றே. நான் அன்றைக்கு வாய்க்காலில் மிதந்த ஒரு ஒற்றைச் செருப்பைப் படம் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். என் படங்களில் அவர் மம்பட்டியின் நுனிகூட இல்லை. செயலாளர் இரண்டு வரி போட்டார்: அசலை எல்லாம் வைத்துக்கொண்டால் ஹார்ட் டிஸ்க் தாங்காது, சுத்தம் செய்ததும் அழித்துவிடுவது வழக்கம். அடுத்து ஒரு படம் போட்டார். அதே வயல். தண்ணீருக்குள் இருந்த உருவமும் இப்போது இல்லை. 'சின்னப் பிழை இருந்தது, சரி செய்தாயிற்று' என்று கீழே எழுதியிருந்தார். அதற்குக் கை தட்டும் பொம்மைகள் வந்தன, ஒன்று, இரண்டு, வரிசையாக. பல் டாக்டர் ஒரு நெருப்புப் பொம்மை போட்டார். நான் பதில் எழுதிக்கொண்டிருக்கும்போதே என்னைக் குழுவில் இருந்து நீக்கிவிட்டார்கள். வயர், டவர், பிளாஸ்டிக் குடம், நான்.

போன மாதம் அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். நடு வீட்டில் படம் மாட்டியிருந்தது, தலைகீழாக. சட்டத்தின் கொக்கி மேல்பக்கம் இருந்ததால் கீழ்ப்பக்கம் புதிதாக இரண்டு ஆணி அடித்துக் கயிறு கட்டியிருந்தார். மூலையில் இருந்த செயலாளரின் கையெழுத்து இப்போது உச்சியில் குப்புறத் தொங்கியது. கீழே ஒரு விளக்கு.

நான் இருக்கும்போதே பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி எட்டிப் பார்த்து, "என்னத்தா இன்னும் கவுத்தியே மாட்டிருக்க?" என்றாள்.

"மலைதேன் கவுந்து கெடக்கு. அவுக நேராத்தேன் நிக்கிறாக" என்றார் இவர். என் கையில் காப்பித் தம்ளரைக் கொடுத்துவிட்டு, படத்தின் பக்கம் திரும்பினார். "என்ன, தண்ணியில தோளு மட்டும் மாறிப்போச்சு தாயி. அவுக எடது தோளுலதேன் மம்பட்டிய வப்பாக."